தொற்றைத் தடுப்பது வைட்டமின் மாத்திரையா, கழுவிய கையா?

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போன மூன்றாம் நாள் நோயாளிக்குக் குளிர்காய்ச்சல் வருகிறது. தையல் போட்ட இடம் சிவந்து சீழ் கட்டுகிறது. சிறுநீருக்காகப் போட்ட குழாய் வழியாகக் கிருமி ஏறுகிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வருகிறது. எந்த நோய்க்காக வந்து படுத்தாரோ அது குணமாகிக்கொண்டிருக்கும்போதே, மருத்துவமனையில் தொற்றிய இன்னொரு நோய் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகிறது. வீட்டார் மறுபடியும் கடனுக்கு அலைகிறார்கள்.

இது எங்கோ எப்போதோ நடக்கும் விபத்து அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வசதியான நாடுகளின் மருத்துவமனைகளில் சேர்க்கப்படும் 100 பேரில் 7 பேருக்கு அங்கேயே ஒரு தொற்று ஏற்படுகிறது. நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் அது 15 பேர். இப்படித் தொற்றுக்கு ஆளாவோரில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். எந்த ஆன்டிபயாடிக் மருந்துக்கும் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் காலத்தில், வந்த பிறகு குணப்படுத்தலாம் என்ற தைரியமும் குறைந்துவருகிறது. வராமல் தடுப்பதே வழி.

இந்தத் தடுப்புக்கு மிக எளிய ஒரு பதில் சில ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கிறது. அதைச் சரிசெய்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி கூடும். தொற்று குறையும் என்பதே அது. விலை குறைவு, கொடுப்பது சுலபம் என்பதால் மருத்துவர்களுக்கும் இதில் ஈர்ப்பு உண்டு, நோயாளிகளுக்கும் உண்டு. கரோனா காலத்தில் இந்த நம்பிக்கை வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. இன்று பல ஊர்களில் முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் வைட்டமின் டி தவறாமல் இருக்கிறது. மருந்துக் கடைகளில் 60,000 யூனிட் மாத்திரை சீட்டு இல்லாமலே கைமாறுகிறது.

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது. ஆனால், அது சோதனையில் எந்த அளவுக்குத் தேறியது என்பதைப் பொதுமக்களிடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், தொற்றைத் தடுக்கும் என்று ஐயமின்றி நிரூபிக்கப்பட்ட வழிகள் நம் வார்டுகளில் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பது.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

வைட்டமின் டி என்ற பெயர் வருவதற்கு முன்பே அதை மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1840களில் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்தார்கள். தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903இல் நோபல் பரிசு பெற்றார். வெயில், காற்று, ஓய்வு, சத்தான உணவு என்ற நம்பிக்கையில் உலகெங்கும் சானடோரியங்கள் எழுந்தன. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அப்படி ஒரு சானடோரியத்தை நடத்தியவர் நம் டாக்டர் சௌரிமுத்து. கணித மேதை ராமானுஜன் 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். அதே சௌரிமுத்து தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் தொடங்கியதுதான், இன்றைக்கும் மக்கள் ‘சானடோரியம்’ என்று அழைக்கும் அரசு நெஞ்சக மருத்துவமனை.

ஏன் இது பலன் தரக்கூடும் என்பதற்கான விளக்கம் வெகு காலம் கழித்துக் கிடைத்தது. கலிபோர்னியாவில் ராபர்ட் மாட்லினின் குழு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நம் உடலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் காசநோய்க் கிருமியை அடையாளம் கண்டதும், ரத்தத்தில் இருக்கும் வைட்டமின் டியை எடுத்து அதன் வீரியமான வடிவத்துக்கு மாற்றுகின்றன. அதன் தூண்டுதலில் ‘கேத்தலிசிடின்’ என்ற கிருமிக்கொல்லிப் புரதம் உருவாகிறது. வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களின் ரத்தநீரில் வைத்துப் பார்த்தபோது இந்தப் புரதம் சரியாக உருவாகவில்லை. வைட்டமின் டியைச் சேர்த்ததும் உருவானது. எலும்புக்கான சத்து என்று மட்டும் அறியப்பட்டிருந்த ஒன்று, எதிர்ப்பாற்றலின் ஒரு கண்ணி என்று தெரியவந்தது.

பிறகு மருத்துவமனை ஆவணங்களிலிருந்து சான்றுகள் வரத் தொடங்கின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் உடல் பருமனுக்காக இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 770 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பு ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு, மருத்துவமனைத் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து வந்த ஆய்வுகளும் இதையே சொல்லின: அளவு குறைந்தவர்களுக்குத் தொற்று அதிகம், இறப்பும் அதிகம்.

காரணமா, அடையாளமா?

இங்கேதான் நிதானம் தேவைப்படுகிறது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. குடும்பத்தில் கஷ்டம் வந்தால் நகை அடகுக் கடைக்குப் போகிறது. கழுத்தில் நகை இல்லாததால்தான் கஷ்டம் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நோயாளியின் ரத்தத்தில் குறைந்திருக்கும் வைட்டமின் டியும் பல நேரம் அந்த நகையைப் போலத்தான்.

யாருக்கு வைட்டமின் டி குறைகிறது என்று பாருங்கள். வெளியே நடமாட முடியாத முதியவர்கள், சிறுநீரகமோ ஈரலோ கெட்டுப்போனவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சரியாகச் சாப்பிட முடியாதவர்கள், மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்கள். இவர்களுக்குத்தான் தொற்றும் அதிகம் வரும். வைட்டமின் டி போதுமான அளவு இருந்தாலும் வரக்கூடும். குறைவு என்பது, ஒருவர் எவ்வளவு நொடிந்துபோயிருக்கிறார் என்பதன் அளவுகோல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடும் நோயோ அறுவைச் சிகிச்சையோ வந்த மாத்திரத்தில் ரத்தத்தில் வைட்டமின் டி தானாகவே இறங்குகிறது. அதைச் சுமந்து செல்லும் புரதம் அழற்சியின்போது குறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். சிரை வழியாக ஏற்றப்படும் திரவங்களால் ரத்தம் நீர்த்துப்போவது இன்னொன்று. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே நபருக்கு அளந்து பார்த்தவர்கள் இந்த இறக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆக, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கு ரத்தம் எடுத்து ‘வைட்டமின் டி 12தான் இருக்கிறது’ என்று சொன்னால், அது நோய்க்கு முன்பே இருந்த குறையா, நோயால் வந்த குறையா என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது.

சோதித்துப் பார்த்தபோது

இந்தக் கேள்வியைத் தீர்க்க ஒரே வழி இருக்கிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வைட்டமின் டியும் மறு பிரிவினருக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மருந்தும் கொடுத்து, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று மருத்துவருக்கும் தெரியாமல் வைத்து, முடிவை ஒப்பிடுவது. அந்தச் சோதனைகள் நடந்திருக்கின்றன.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 475 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. முதலில் 5,40,000 யூனிட், பிறகு மாதாமாதம் 90,000 யூனிட் கொடுத்தார்கள். மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. மொத்தத்தில் இறப்பு விகிதத்திலும் உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால், மிகக் கடுமையான பற்றாக்குறை இருந்தவர்களை, அதாவது 12 நானோகிராமும் அதற்குக் கீழும் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது ஒரு நம்பிக்கைக் கீற்று தெரிந்தது. வைட்டமின் டி பெற்றவர்களில் மருத்துவமனையில் இறந்தோர் 28.6 சதவீதம், வெற்று மருந்து பெற்றவர்களில் 46.1 சதவீதம். சிறு பிரிவில் கிடைத்த இத்தகைய முடிவு தற்செயலாகவும் இருக்கலாம். பெரிய ஆய்வில் அது நிற்கிறதா என்று பார்ப்பதே முறை.

பார்த்தார்கள். அமெரிக்காவில், வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழே இருந்த, உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்த 1,078 பேரிடம் அதே 5,40,000 யூனிட்டை ஒரே தடவையில் கொடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2019இல் வந்தது. 90 நாள்களுக்குள் இறந்தவர்கள், வைட்டமின் டி பெற்ற பிரிவில் 23.5 சதவீதம், பெறாத பிரிவில் 20.6 சதவீதம். பலன் இல்லை. கடும் பற்றாக்குறை உள்ளவர்களிடமும் பலன் தென்படவில்லை. கரோனா பாதித்து மருத்துவமனையில் சேர்ந்த 240 பேரிடம் பிரேசிலில் 2,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் தங்கும் நாள்கள் குறையவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்கள் கதை சற்று வேறு. சளி, காய்ச்சல், நிமோனியா போன்ற சுவாசத் தொற்றுகள் குறித்து அதுவரை நடந்த 25 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2017இல் வெளியிட்டார்கள். சுமார் 11,000 பேரின் தரவுகள் அதில் இருந்தன. வைட்டமின் டி ஓரளவு பாதுகாப்பு தருகிறது என்றும், தினமும் அல்லது வாராவாரம் சிறு அளவில் எடுத்துக்கொண்ட, கடும் பற்றாக்குறை இருந்தவர்களுக்குப் பலன் அதிகம் என்றும் அது சொன்னது. உலகமே அதைக் கொண்டாடியது. ஆனால், புதிய ஆய்வுகள் சேரச் சேர அந்தப் பலன் தேய்ந்துகொண்டே வந்தது. 2025இல் 46 ஆய்வுகளையும் 64,000 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பாதுகாப்பு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் நிலையே இல்லாமல் போனது. 2017இன் கொண்டாட்டம் தலைப்புச் செய்தியானது. 2025இன் திருத்தம் பலரை எட்டவே இல்லை.

மதராஸ் கற்றுத்தந்த பாடம்

நியாயமாகத் தோன்றும் நம்பிக்கையும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதை உலகுக்குச் செய்துகாட்டிய ஊர்களில் ஒன்று நம் சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இங்கே ஒரு காசநோய் மையத்தைத் தொடங்கின. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் காற்றோட்டமும் பெறும் நோயாளிகள் ஒருபுறம். நெரிசலான வீட்டில் எளிய சாப்பாட்டுடன் அதே மாத்திரைகளை விழுங்கும் ஏழை நோயாளிகள் மறுபுறம். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 193 பேரை ஓராண்டு கவனித்து 1959இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தார்கள். சானடோரியம்தான் காசநோய்க்கு மருந்து என்ற நூற்றாண்டு நம்பிக்கையை அந்த ஆய்வு முடித்துவைத்தது. உலகமெங்கும் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை கிடைக்க அது வழிவகுத்தது.

காசநோயிலும் வைட்டமின் டி அதே தராசில் நிறுத்தப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பங்கேற்று, இந்தியாவில் 247 காசநோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. வழக்கமான மருந்துகளுடன் 1,00,000 யூனிட் வீதம் நான்கு முறை வைட்டமின் டி கொடுத்தும், சளியில் கிருமி மறைய ஆன காலம் குறையவில்லை. மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளிடம் மூன்று ஆண்டுகள் வாரம் 14,000 யூனிட் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொடக்கத்தில் பற்றாக்குறை இருந்தது. ரத்தத்தில் அளவு நன்றாக உயர்ந்தது. காசநோய்க் கிருமி தொற்றுவது மட்டும் குறையவில்லை. ஆய்வகக் குடுவையில் செல்கள் அருமையாகச் செய்துகாட்டிய வேலை, மனித உடலில் அதே அளவுக்கு நடக்கவில்லை.

இதற்கு மாறாக, ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. காசநோயாளியின் வீட்டில் வசிப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடவே நுண்சத்துகளும் கொடுத்தார்கள். அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எதிர்ப்பாற்றல் ஒற்றைச் சத்தால் நிற்பதில்லை; வயிறார உண்பதால் நிற்கிறது. வார்டில் கிடக்கும் நோயாளிக்கு ஒரு வைட்டமினை அளந்து பார்க்கும் நாம், அவர் நேற்று என்ன சாப்பிட்டார், எத்தனை கிலோ எடை குறைந்தார் என்று கேட்கிறோமா?

அளவு மிஞ்சினால்

‘கொடுத்துத்தான் பார்ப்போமே, கெடுதல் ஒன்றும் இல்லையே’ என்று சொல்வது எளிது. வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்து. தேவைக்கு மேல் போனால் சிறுநீரில் போய்விடாது, உடலில் தங்கும். அளவு மிகும்போது ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் போவது, தாகம், மனக்குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. வாரம் ஒன்று என்று எழுதித்தந்த 60,000 யூனிட் மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. 6 லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு நஞ்சானவர்களும் உண்டு.

நஞ்சாகும் அளவுக்குப் போகாவிட்டாலும், மொத்தமாகக் கொட்டுவது நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களிடம், எலும்பு முறிவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், ஆண்டுக்கு ஒரு முறை 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு மருத்துவ உலகை அதிரவைத்தது: வைட்டமின் டி பெற்றவர்களே அதிகம் கீழே விழுந்தார்கள், அவர்களுக்கே எலும்பு முறிவும் அதிகம் ஏற்பட்டது. திடீரென வந்து குவியும் வைட்டமின் டியைச் சிதைக்கும் நொதிகளை உடல் முடுக்கிவிடுகிறது. வெயிலில் நின்று அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக இந்தச் சத்தைச் செய்துகொள்ளப் பழகிய உடல் நம்முடையது.

பணமும் ஒரு கெடுதல்தான். வைட்டமின் டி பரிசோதனைக்குத் தனியார் ஆய்வகங்களில் ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகிறது. அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 2011இல் 30 நானோகிராம் இருந்தால்தான் போதும் என்று வரையறுத்தது. அந்த எண்தான் நம் ஆய்வக அறிக்கைகளில் பெரும்பாலோரைக் குறைபாடுள்ளவர்களாகக் காட்டியது. அதே சங்கம் 2024இல் அந்த வரையறையைக் கைவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. நம் ஆய்வகங்களின் பரிசோதனைப் பட்டியல்கள் இன்னும் மாறவில்லை.

நிரூபிக்கப்பட்ட மருந்து

மருத்துவமனைத் தொற்றைக் குறைக்கும் என்று சோதனையிலும் நடைமுறையிலும் நிரூபிக்கப்பட்டவை வேறு இருக்கின்றன. 1847இல் வியன்னா மகப்பேறு மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணக்கூராய்வு முடித்துவரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே பிரசவம் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பத்துக்கு ஒருவர் என்ற அளவில் செத்துக்கொண்டிருந்த தாய்மார்களின் இறப்பு சில மாதங்களிலேயே நூற்றுக்கு ஓரிருவர் என இறங்கியது. கிருமி என்று ஒன்று நோயை உண்டாக்குகிறது என்பதையே உலகம் அப்போது ஏற்றிருக்கவில்லை.

நம் காலத்துச் சான்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் தலைமையில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்தே ஐந்து விதிகளைக் கடைப்பிடித்தன. பெருஞ்சிரையில் குழாய் போடும் முன் கை கழுவுவது. நோயாளியை முழுவதுமாகக் கிருமி நீக்கிய துணியால் மூடுவது. தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு துடைப்பது. தொடையில் குழாய் போடுவதைத் தவிர்ப்பது. தேவை முடிந்த அன்றே குழாயை எடுத்துவிடுவது. விதி மீறினால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது. குழாய் இருந்த 1,000 நாள்களுக்குச் சராசரியாக 7.7 என்றிருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது. முடிவு 2006இல் வெளியானது. புதிய மருந்தோ புதிய கருவியோ எதுவும் அதில் இல்லை.

சரியான கைச் சுத்தமும் பிற தடுப்பு நடைமுறைகளும் இருந்தால் மருத்துவமனைத் தொற்றுகளில் 70 சதவீதம் வரை தடுக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த வைட்டமினும் எந்தச் சோதனையிலும் இதை நெருங்கவில்லை.

அப்படியென்றால் ஏன் நடப்பதில்லை? நம் அரசு மருத்துவமனையின் ஒரு வார்டுக்குள் போய்ப் பார்த்தால் பதில் தெரியும். இரவு நேரத்தில் ஒரு செவிலியர் பத்துப் பதினைந்து படுக்கைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு நோயாளியையும் தொடும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம்செய்ய அவருக்கு நேரம் எங்கே? கை கழுவும் தொட்டி வார்டின் மூலையில் இருக்கிறது. சில நேரம் தண்ணீர் வராது. படுக்கைக்குப் பக்கத்தில் சானிடைசர் புட்டி இருந்தால் காலியாக இருக்கிறது. படுக்கைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் கட்டிடம் பளபளக்கிறது. ஆனால், அங்கே எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று நோயாளிக்குச் சொல்பவர்கள் அரிது. குறை செவிலியர்களிடம் இல்லை. ஆள் போடாதவர்களிடமும், கணக்குக் கேட்காதவர்களிடமும்தான் இருக்கிறது.

தொற்றுக்குக் காரணம் நோயாளியின் ரத்தத்தில் இருக்கிறது என்று நம்புவது நிர்வாகத்துக்கு வசதியானது. ‘உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு’ என்று சொல்லிவிட்டால் மருத்துவமனையின் பொறுப்பு அங்கே முடிந்துவிடுகிறது. இந்த வசதிக்கு நாம் இடம் தரக் கூடாது.

யாருக்கு வைட்டமின் டி?

வைட்டமின் டியே வேண்டாம் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. பற்றாக்குறை நம் நாட்டில் உண்மையாகவே பரவலாக இருக்கிறது. வெயில் கொளுத்தும் நாட்டில் இது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். வைட்டமின் டியைச் செய்ய உதவும் புற ஊதாக் கதிர், நடுப்பகலை ஒட்டிய நேரத்தில்தான் நன்றாகக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் நாம் நிழலைத் தேடுகிறோம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது. கருத்த தோலுக்கு அதிக நேரம் வெயில் படவேண்டும். நம் அன்றாட உணவிலும் இந்தச் சத்து மிகக் குறைவு. மருத்துவமனையில் வாரக்கணக்கில் படுத்திருப்பவருக்கு வெயில் என்பதே இல்லை.

ஆகவே, எலும்பு தேய்ந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து வந்த முதியவர்கள், சிறுநீரக நோயாளிகள், குடலில் சத்து உறிஞ்சப்படாதவர்கள், வலிப்பு மருந்தோ ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தோ நீண்ட நாள் சாப்பிடுபவர்கள், பல காலமாகப் படுக்கையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் பார்த்து வைட்டமின் டி கொடுப்பது சரியானது, அவசியமானதும்கூட. எலும்புக்கும் தசைக்கும் அது தேவை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. குறைபாடு உள்ளவர்களுக்கு எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். தொற்றுக்கு எதிரான கவசம் என்ற வாக்குறுதியோடு மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம்.

கடும் பற்றாக்குறையுடன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு பெரிய அளவும் பிறகு தினசரி சிறு அளவும் கொடுத்தால் பலன் இருக்குமா என்பது ஐரோப்பாவில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டுவருகிறது. இதே கேள்வியை நம் நோயாளிகளிடமும் கேட்டாக வேண்டும். பற்றாக்குறை அதிகமாகவும் மருத்துவமனைத் தொற்று அதிகமாகவும் இருக்கும் நாடு இது. 1956இல் மதராஸால் முடிந்தது, இத்தனை மருத்துவக் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிறுவனங்களும் உள்ள இன்றைய தமிழ்நாட்டால் முடியாதா?

செய்ய வேண்டியவை

அரசு முதலில் செய்ய வேண்டியது, தொற்றுக் கணக்கை வெளிப்படையாக்குவது. அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல், ஒவ்வொரு மருத்துவமனையும் குழாய்வழி ரத்தத் தொற்று, வென்டிலேட்டர் நிமோனியா, சிறுநீர்க் குழாய்த் தொற்று, அறுவைக் காயத் தொற்று ஆகியவற்றின் விகிதத்தை ஆண்டுதோறும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எய்ம்ஸ் முன்னின்று நடத்தும் கண்காணிப்பு வலையமைப்பு இதற்கான முறையை ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறது. அது மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை வர வேண்டும். எண்களை வெளியிடும் மருத்துவமனையைத் தண்டிக்காமல், மறைப்பதைத் தண்டிக்க வேண்டும்.

அடுத்து, காலியாக இருக்கும் செவிலியர் பணியிடங்களை நிரந்தர ஊதியத்தில் நிரப்ப வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும். வார்டைச் சுத்தம்செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு முறையான பயிற்சியும் கையுறையும் கௌரவமான சம்பளமும் தர வேண்டும். தொற்றுத் தடுப்பில் அவர்களின் பங்கு மருத்துவரின் பங்குக்குக் குறைந்ததல்ல. ஒவ்வொரு நோயாளியும் சேரும் நாளிலேயே எடை பார்த்து, ஊட்டம் குறைந்தவர்களுக்கு மருத்துவமனையே நல்ல உணவு தர வேண்டும்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேவையின்றி வைட்டமின் டி பரிசோதனை எழுதாதீர்கள். தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது, ‘இந்தக் குழாய் இவருக்கு இன்றும் தேவையா?’ என்று ஒரு முறை கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவில்லை.

நோயாளிகளின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவரையோ செவிலியரையோ பார்த்து ‘கையைச் சுத்தம் செஞ்சிட்டீங்களா?’ என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது அவமரியாதை ஆகாது. நீங்களும் நோயாளியைத் தொடும் முன் கை கழுவுங்கள். பார்க்க வருகிறோம் என்று பத்துப் பேராகப் போய் நிற்காதீர்கள். படுக்கையில் உட்காராதீர்கள். மருத்துவர் எழுதாத 60,000 யூனிட் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்திருந்தால், வாரம் ஒன்றா, நாள் ஒன்றா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வைட்டமின் டி குறைந்தவருக்கு அதைக் கொடுப்பது மருத்துவம். மருத்துவமனைக்கு வந்தவரைத் தொற்றிலிருந்து காப்பது மருத்துவமனையின் கடமை. முன்னதைச் செய்துவிட்டதால் பின்னதிலிருந்து யாரும் விடுபட முடியாது.